முதலில் செய்தி, பிறகு காரணம்

நண்பர்களே, ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். இலக்கணம் வராது, வார்த்தை போதாது. இதை நான் முழுக்க ஏற்பதில்லை. 'ஹி கோ டெய்லி' என்று சொன்னாலும் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஐந்து நிமிடம் பேசி முடித்த பிறகும், "இவர் என்னிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்?" என்று எதிரில் இருப்பவர் விழிப்பதுதான் உண்மையான சிக்கல். ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலத்திலும் இது நடக்கிறது.

இதற்கு நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும். "கணக்குத் துறையிலிருந்து விவரம் வராததாலும், கணினி இரண்டு நாள் பழுதாகிக் கிடந்ததாலும், அறிக்கையை வெள்ளிக்கிழமை தர முடியாது." காரணங்கள் முன்னே வரிசையாக வர, முடிவு வாலில் நிற்கிறது. தமிழ்க் காது அதற்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். அது நம் மொழியின் அழகு. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடும். அந்தக் காது முடிவை முதலிலேயே எதிர்பார்க்கிறது. நாமோ தமிழ் வரிசையிலேயே ஆங்கிலச் சொற்களை அடுக்குகிறோம். பிகாஸ், பிகாஸ் என்று காரணங்கள் நீள்கின்றன. 'ஸோ' என்று முடிவுக்கு வருவதற்குள் கேட்பவர் நடுவில் புகுந்து வேறு கேள்வி கேட்டுவிடுகிறார். முடிவு சொல்லப்படாமலே போகிறது.

இதையே திருப்பிப் போடுங்கள். "தி ரிப்போர்ட் வில் பி லேட். வி நீட் டைம் டில் மண்டே." இவ்வளவுதான் செய்தி. கேட்பவர் விரும்பினால் காரணத்தை அவரே கேட்பார்.

இது அலுவலகப் பேச்சோடு நிற்கிற விஷயமல்ல. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானத்தை நினைத்துப் பாருங்கள். நெரிசலாலும் மோசமான வானிலையாலும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. முதல் தடவை தரையிறங்க முயன்று முடியாமல் மேலே ஏறியபோது எரிபொருள் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி துணை விமானியிடம் கூறினார். துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சொன்னார் தெரியுமா? முதலில், பறக்க வேண்டிய திசைக்கு அவர்கள் தந்த எண்ணைத் திருப்பிச் சொன்னார். மறுபடி முயல்வோம் என்றார். அதன் பிறகுதான், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். ஆங்கிலத்தில் பிழை இல்லை. உயிர் போகிற செய்தி மூன்றாவதாக, சாதாரணத் தகவலைப் போல வந்தது. 'எமர்ஜென்சி' என்ற சொல் வரவே இல்லை. கட்டுப்பாட்டாளர் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் விழுந்தது, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று எரிபொருள் அபாயத்துக்கு 'மேடே, மேடே, மேடே, ஃபியூவல்' என்று விமானிகள் அறிவிக்க வேண்டும். 'மேடே' என்றால் உயிராபத்து, உடனே உதவுங்கள் என்று பொருள். முதல் சொல்லே செய்தி.

வரிசை சரியானாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது. குரலின் அழுத்தம். தமிழில் முக்கியமானதைக் காட்ட நமக்கு 'தான்' இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. நான்தான் கேட்டேன், இன்றே கேட்டேன், இரண்டுதான் கேட்டேன். இந்த வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல் செய்கிறது. "ஐ ஆஸ்க்டு ஃபார் டூ காப்பிஸ் டுடே" என்ற வாக்கியத்தில் 'ஐ'யை அழுத்தினால் கேட்டது வேறு யாருமில்லை, நான். 'டூ'வை அழுத்தினால், மூன்று ஏன் வந்தது என்று பொருள். 'டுடே'யை அழுத்தினால், நாளை வந்து பயனில்லை. நாம் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் ஓட்டிவிடுவதால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. வேகத்தைக் குறைத்து, ஒரே ஒரு சொல்லில் குரலை உயர்த்திப் பாருங்கள். உச்சரிப்புப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே பெரிய மாற்றம் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

முதலிலேயே போட்டு உடைப்பது மரியாதைக் குறைவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. துக்கச் செய்தியை அப்படிச் சொல்லக் கூடாது. அங்கே மனத்தைத் தயார்செய்த பிறகுதான் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் 'குட் யூ', 'வுட் இட் பி பாசிபிள்' என்று தொடங்கினால் பணிவு வந்துவிடும். பணிவுக்காகக் கோரிக்கையையே ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

பேச்சின் நடுவே வழி தவறினால் பதற வேண்டாம். "மை மெயின் பாயிண்ட் இஸ் திஸ்" என்று நிறுத்தி அங்கிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படிச் செய்கிறார்கள். பேசி முடித்ததும், புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஸோ, வாட் டு வி டூ நெக்ஸ்ட்?" என்று கேளுங்கள். வரும் பதிலிலேயே உங்கள் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும். சேரவில்லை என்றால் காரணங்களை மறுபடி அவிழ்க்க வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னும் நிதானமாகத் திரும்பச் சொல்லுங்கள்.