மெடாகா மீன் தந்த கருவி

நேயர்களுக்கு வணக்கம். வேண்டிய மரபணுவை ஒரு மீனின் மரபணுத் தொகுதிக்குள் செருக உதவும் கருவி பற்றி இன்று பேசுகிறேன். ஜப்பானின் நெல்வயல்களில் திரியும் பொடி மீன் மெடாகா. அதில் நிறம் வெளுத்த ஒரு வகை உண்டு. நிறமிக்குத் தேவையான டைரோசினேஸ் மரபணுவுக்குள் சுமார் 4,700 எழுத்து நீள டி.என்.ஏ. துண்டு ஒன்று நுழைந்து உட்கார்ந்ததே காரணம் என்று 1996இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிஹிரோ கோகா குழுவினர் காட்டினார்கள். துண்டின் பெயர் டோல்2. முதுகெலும்பிகளில் இப்படி டி.என்.ஏ.வுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் பெரும்பாலும் செத்துக் கிடப்பவை. இதுவோ தாவுவதற்கான நொதியைத் தானே செய்துகொள்ளும். ஒரு வெளிறிய மீனுக்குள் இவ்வளவு சரக்கு!

ஜப்பானிய மரபியலாளர் கோயிச்சி கவகாமி இதை, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு மீனான சீப்ரா மீனுக்குக் கொண்டுவந்தார். சீப்ரா மீனில் டோல்2 கிடையாது, அதுவே வசதி. துண்டின் இரு முனைகளை மட்டும் பிளாஸ்மிடில், அதாவது மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வில் வைத்து, நடுவில் வேண்டிய மரபணுவைச் செருகுகிறோம். நொதியைத் தனியாக, அதைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ.வாகத் தருகிறோம். அது சீக்கிரம் சிதைந்துவிடும். நொதி தீர்ந்தால் மரபணு மறுபடி தாவாது. திரும்பவும் சொல்கிறேன்: முனைகள் ஓரிடம், நொதி வேறிடம்.

இந்த இரண்டையும் சீப்ரா மீன் முட்டைக்குள் ஊசி போடும்போது கடிகாரம்தான் எஜமான். 28.5 டிகிரியில் முக்கால் மணிக்குள் முட்டை இரண்டு செல்லாகிவிடும். அதற்குள் போட வேண்டும். பிளாஸ்மிட், ஆர்.என்.ஏ. இரண்டும் மைக்ரோலிட்டருக்கு 25 நானோகிராம். முட்டைக்கு ஒரு நானோலிட்டர். பீனால் ரெட் என்ற சாயம் கொஞ்சம் சேர்த்தால் கலவை இறங்குவது சிவப்பாகத் தெரியும். டி.என்.ஏ. கூடினால் கரு கோணலாகிச் சாகும். வெறுங்கை பட்டால் ஆர்.என்.ஏ. போச்சு, ஊசி போட்டும் ஒன்றும் தாவாது.

செருகியது பச்சையாக ஒளிரவைக்கும் மரபணு என்றால், மறுநாள் கரு ஒளிர்ந்ததும் குதிக்காதீர்கள். மரபணுத் தொகுதிக்குள் நுழையாமல் மிதக்கும் பிளாஸ்மிடும் சில நாள் ஒளிரும். துண்டு பிளாஸ்மிடிலிருந்து கழன்றதா என்று சில கருக்களை எடுத்து, டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்து பாருங்கள். மீன் வளர்ந்ததும் சாதாரண மீனோடு இணைத்து, குட்டிகளில் ஒளி தேடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. ஒரே மீனில் பல இடங்களில் மரபணு நுழைந்திருக்கும். குட்டிகளில் சரிபாதி மட்டும் ஒளிரும் வரை தலைமுறை தலைமுறையாகச் சாதாரண மீனோடு இணையுங்கள். அதன் பிறகே ஒற்றை நுழைவு என்று எழுதிவையுங்கள். வணக்கம்.