பழைய கல்வீட்டை வளவோடு சேர்ப்பது எப்படி? ஒட்டிக் கட்டாதீர்கள், தள்ளிக் கட்டுங்கள்

(திரையில்: ஓட்டுக் கூரை, முன் விறாந்தை, உயர்ந்த மேடையில் நிற்கும் பழைய கல்வீடு. பின்னால் கிணறு, மாமரம், வேலியோரம் பனைகள்.)

வணக்கம். இலங்கையின் வடக்கே, வன்னியில் இன்று ஒரு பழைய கல்வீடு நிற்கிறது என்றால், அது இரண்டு ஆபத்துகளைத் தாண்டி வந்த வீடு. ஒன்று 2009 வரை நடந்த போர். மற்றது அதற்குப் பிறகு வந்த பேச்சு: "இதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவம்."

இடிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நியாயமான குறை இருக்கிறது. வீடு சிறியது. பின்பக்கம் இருட்டு. வளவு அரை ஏக்கர் இருந்தாலும் வீட்டுக்குள் இருந்து அது கண்ணில் படாது. இந்தக் கட்டத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார்: பழைய வீட்டின் பின்சுவரை உடைத்து, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டு, அதற்கு அப்பால் பச்சைப் புல்.

படம் அழகுதான். ஆனால் அது வெயிலைத் தேடிப் போகிற ஊரின் படம். நாங்கள் வெயிலுக்கு ஒளிகிற ஊர். அந்தக் கண்ணாடியை கிளிநொச்சியில் மேற்குப் பார்க்க வைத்தால், பங்குனி மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

(திரையில்: வீட்டின் தரைப்படம். முன் விறாந்தை, நடு மண்டபம், இரு பக்கமும் அறைகள், பின்னால் தனியாக நிற்கும் அடுப்படி.)

பழைய வீடு வளவோடு சேரவில்லை என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. அது கண்ணால் சேரவில்லை, நிழலால் சேர்ந்திருந்தது. முன்னால் திண்ணையும் விறாந்தையும். பின்னால் தாவாரம், அதற்கு அப்பால் கூட்டிப் பெருக்கிய மண் முற்றம், அதற்கும் அப்பால் தனிக் கொட்டிலாக அடுப்படி. புகையும் நெருப்பும் வீட்டுக்குள் வேண்டாம் என்றுதான் அடுப்படியைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் அதனால் நடந்தது என்னவென்றால், வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பல தடவை முற்றத்தைக் கடந்து போய் வந்தார்கள். வளவோடு இருந்த உறவு அந்த நடைதான்.

அடுப்படி வீட்டுக்குள் வந்து காஸ் அடுப்பானதும் அந்த நடை நின்றுபோனது. எனவே பின்சுவரை உடைக்கும் முன், அடுப்படிக் கொட்டில் நின்ற இடத்தைப் பாருங்கள். புதிய பகுதி போக வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

(திரையில்: பக்கவாட்டுப் படம். பழைய கூரை விளிம்பிலிருந்து கீழே சரியும் ஒரு கோடு.)

சரி, ஏன் ஒட்டிக் கட்டக்கூடாது? பத்தி இறக்குவது, அதாவது பழைய கூரையிலிருந்தே சரிவாக ஒரு கூரையை நீட்டுவது, எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதானே?

கணக்கைப் பாருங்கள். பழைய ஓட்டுக் கூரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 8 அடி உயரத்தில் நிற்கிறது என்று வைப்போம். அதிலிருந்து 10 அடி அகலத்துக்குப் பத்தி இறக்க ஆசை. மங்களூர் ஓடு தண்ணீர் உள்ளே விடாமல் இருக்க, கூரை 25 பாகைக்குக் குறையாமல் சரிய வேண்டும். 25 பாகையில் 10 அடி போனால் கூரை 4 அடி 8 அங்குலம் இறங்கிவிடும். மிச்சம் 3 அடி 4 அங்குலம். ஆள் குனிந்துகூடப் போக முடியாது.

இந்தக் கணக்கில் மாட்டித்தான் எல்லோரும் தகரத்துக்கோ கூரைச் சீற்றுக்கோ போகிறார்கள். சீற்றைச் சரிவு குறைவாகப் போடலாம், தலை தட்டாது. ஆனால் கீழே வெக்கை. மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. இன்னொன்று: ஓடும் சீற்றும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் மாரிக்கு மாரி ஒழுகும். அதை அடைக்கச் சீமெந்தை அப்புவார்கள். அடுத்த கோடை வெயிலில் அது வெடிக்கும். பிறகு மறுபடி சீமெந்து.

என் பதில் இது: புதிய அறையைத் தள்ளிக் கட்டுங்கள். அதற்கென்று தனி முகடு, தனிக் கூரை. சுவருக்குச் சுவர் 10 அடி இடைவெளி விடுங்கள். இரண்டு கூரைகளும் ஆளுக்கு 2 அடி வெளியே நீண்டால் நடுவில் 6 அடி வானம் மிஞ்சும். நாற்சார வீட்டின் முற்றம் செய்த வேலையை, வெளிச்சமும் காற்றும் நடுவால் இறங்குகிற வேலையை, இந்தச் சிறிய இடைவெளி செய்யும். பழைய வீட்டின் பின்னறைகள் இருட்டாகாது.

இரண்டையும் இணைப்பது 4 அடி அகலமான ஒரு நடை. இதற்கு மட்டும் சீற் போடலாம், ஏனென்றால் இதற்குள் யாரும் உட்காரப் போவதில்லை. நடையின் கூரையைப் பழைய சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட வேண்டாம். தனிக் கப்புகளில் நிறுத்தி, பழைய ஓட்டுக்குக் கீழே ஒரு அடி நுழைத்து, தண்ணீர் பக்கவாட்டில் போகும்படி சரித்துவிடுங்கள். பழைய வீட்டின் ஒரு ஓட்டைக்கூட அசைக்கத் தேவையில்லை. நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போனால் கழற்றிவிடலாம், பழைய வீடு அப்படியே நிற்கும்.

(திரையில்: யன்னல் ஒன்று. அதன் கீழ்ச்சுவர் மட்டும் மெல்ல மறைந்து, யன்னல் கதவாகிறது.)

நடைக்குப் போக வாசல் வேண்டுமே? பின்கதவு சரியான இடத்தில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு யன்னலைத் தெரிவுசெய்யுங்கள். யன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம் ஏற்கெனவே இருக்கிறது. யன்னலின் அகலத்தைக் கூட்டாமல், கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்தால் அதுவே கதவு வாசல். மேலே எதுவும் அசையாது. எடுத்த முதிரை நிலையையும் இரும்புக் கம்பிகளையும் எறிய வேண்டாம், புதிய அறையில் பொருத்தலாம். வாசலை ஆறடி, எட்டடி என்று அகட்டப் போனால்தான் முட்டுக்கொடுப்பு, புதிய கொங்கிறீற் விட்டம், வெடிப்பு என்று செலவு ஏறும். அந்த ஆசையை விடுங்கள் என்பேன்.

(திரையில்: அத்திவாரக் குழி. ஒரு பக்கம் செம்மண், மறுபக்கம் வெடித்த கரிய களிமண்.)

தள்ளிக் கட்டுவதற்கு நிலமும் ஒரு காரணம். பழைய வீடு எத்தனையோ வருடமாக இருந்து, அழுந்த வேண்டிய அளவு அழுந்திவிட்டது. புதியது இனித்தான் அழுந்தும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சேருமிடத்தில் வெடிப்பு வரும், அதை எந்த மேசனாலும் தடுக்க முடியாது. செம்மண் நிலத்தில் இது கொஞ்சமாக நடக்கும். மன்னார்ப் பக்கம் முருங்கன் மாதிரி களிமண் நிலத்தில் பயங்கரமாக நடக்கும். அந்த மண் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். (காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் களிமண் போனது முருங்கனில் இருந்துதான்.) அங்கே கட்டுபவர்கள் மேலோட்டமான அத்திவாரத்தோடு நிற்காமல், ஒரு பொறியியலாளரிடம் கேட்டுவிட்டே தோண்ட வேண்டும்.

தோண்டுவது என்றதும் இன்னொன்று. இது வன்னி. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்றாலும், அத்திவாரம் வெட்டும்போது இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகுங்கள். தொடவும் வேண்டாம், எடுத்து வேலியோரம் வைக்கவும் வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

(திரையில்: வீட்டுக்கு மேலே சூரியன் நகரும் பாதை. சித்திரை, ஆனி, மார்கழி.)

இப்போது வெயில். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அங்கிருந்து ஆவணி நடு வரைக்கும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்தால் வரும், ஆனால் நல்ல உயரத்தில். மார்கழியில் தெற்கே சரியும், அப்போதும் 57 பாகை உயரம் இருக்கும். தெற்குச் சுவருக்கு 4 அடி கூரை நீட்டினால் நண்பகலில் 6 அடி உயரம் நிழல் விழும். வடக்குக்கு அதைவிடக் குறைவாக நீட்டினாலே போதும்.

மேற்கு வேறு கதை. பின்னேரம் நாலு மணிக்கு சூரியன் 30 பாகை அளவில் தாழ்ந்து நிற்கும். 8 அடி கூரை நீட்டினாலும் சுவரில் நாலரை அடிதான் நிழல். கூரையால் மேற்கை வெல்ல முடியாது. மரம் வேண்டும், அல்லது இறக்கி ஏற்றக்கூடிய ஓலைத் தட்டி வேண்டும். வேம்பு நல்லது, ஆனால் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி. தென்னையையும் பனையையும் ஓட்டுக் கூரைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருங்கள். ஒரு பனம்பழம் விழுந்தால் எத்தனை ஓடு போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆக, புதிய அறையின் வடக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். ஒன்றரை அடி உயர அரைச்சுவர், அதுவே உட்காரும் திண்ணை. மேலே மரத்தூண்கள், நுளம்புக்கு வலை. சோளகம் (தென்மேற்குக் காற்று) ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் யன்னல் கதவு. தூண்களை மண்ணில் புதைக்காமல் கொங்கிறீற் பீடத்தின் மேல் நிறுத்துங்கள், கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

லுணுகங்கவைக் காட்டி அப்படிச் செய்ய வேண்டும் என்பவர்கள் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகே வாங்கி, பல பத்தாண்டுகள் செதுக்கிய தோட்டம் அது. வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிரிக்க முடியாது. கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அது மழை ஓயாத பக்கம். அங்கே புல் தானாக வளரும், எங்கள் வளவில் அதே புல் கோடை முழுக்கக் கிணற்றைக் குடிக்கும். நடு முற்றத்தை மணலாக விடுங்கள். அடர்ந்த செடியும் சருகும் சுவரோரம் இருந்தால் புடையன் பாம்பு வந்து படுக்கும். முன்னோர் முற்றத்தைத் தினமும் கூட்டியதில் இந்தக் கெட்டித்தனமும் இருக்கிறது.

(திரையில்: சுவரின் வெட்டுமுகம். நிலத்து ஈரம் மேலேறும் அம்புக்குறிகள்.)

பழைய சுவரில் கைவைக்கும்போது ஒன்றே ஒன்று. அது சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் சீமெந்து பூசாதீர்கள். பழைய அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை இருப்பது அரிது, நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு உள்ளே பூட்டிவைக்கும், ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். அதே காரணத்துக்காக, நடு முற்றத்தில் எங்காவது கொங்கிறீற்றோ டைல்ஸோ போட்டே ஆக வேண்டுமென்றாலும் அதைப் பழைய சுவர் வரை கொண்டுபோகாமல், ஒன்றரை அடிக்குச் சரளைக்கல் விடுங்கள். பழைய மேடைக்குச் சமமாக மண் நிரப்பவே கூடாது. புதிய தரை பழையதை விட ஒரு படி தாழ்வாக இருக்கட்டும்.

தண்ணீர் போக வழியும் இப்போதே யோசியுங்கள். 400 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 3,700 லீற்றர் தண்ணீர். அதில் ஒரு பகுதியும் பழைய கூரையின் பின்பக்கத் தண்ணீரும் அந்த நடு இடைவெளிக்குள்தான் கொட்டும். 8 அடிக்கு ஒரு அங்குலம் சரிவோடு வாய்க்கால் வெட்டி, மாமரத்தடிக்கோ வாழைக்கோ விடுங்கள். பீலி போட்டுத் தொட்டியில் சேர்த்தால் இன்னும் நல்லது, ஆனால் மூடி போட்ட தொட்டி, டெங்கு நுளம்பு வேண்டாம்.

புதிய அறையைப் பழைய வீடு மாதிரியே நடிக்க வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமே, புதிதாகச் சேர்ப்பது புதியதாகத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. உயரம் பழையதை மீறாமல், ஓட்டின் நிறம் சண்டை போடாமல் இருந்தால் போதும். போலித் தூணும் போலி வளைவும் வைத்த வீடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

(திரையில்: பிரதேச சபைக் கட்டடம், விண்ணப்பப் படிவம்.)

அலுவலக வேலைகள், வேகமாக. பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தைய கட்டடம் என்றால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் ஆணிகூட அடிக்க வேண்டாம். பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க முடியும், விசாரியுங்கள். குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்து பேமிற் (அனுமதிப்பத்திர) காணிகள். யார் பெயரில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் சரிபார்த்துவிட்டுச் செலவழியுங்கள். மரத்துக்கென்று பலாவையோ ஈரப்பலாவையோ பெண்பனையையோ தறிப்பதென்றால் அனுமதி வேண்டும், சொந்த வளவில் நின்றாலும். மலசலகூடம் சேர்த்தால் ஊறுகுழி கிணற்றிலிருந்து நல்ல தூரம் தள்ளி இருக்கட்டும், எவ்வளவு என்று பிரதேச சபையில் கேளுங்கள்.

(திரையில்: தமிழ் மாதங்களின் வரிசை. தை முதல் ஐப்பசி வரை.)

வேலையை மாசியில் தொடங்குங்கள், மண் அப்போது வெட்டப் பதமாக இருக்கும். கூரை ஆவணிக்குள் ஏறிவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு காய நாள் எடுக்கும், கடும் வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்து வேம்புக் கன்றை மட்டும் கட்டி முடியும் வரை காத்திருக்காமல், வேலை தொடங்குவதற்கு முந்தைய ஐப்பசி மழையிலேயே நட்டுவிடுங்கள். கோடைக்குள் அது வேரோடிவிடும், தண்ணீர் ஊற்றுகிற வேலை பாதியாகும். மேசனுடைய மணல் லொறி அதன் மேல் ஏறாமல் நாலு கம்பு நட்டு முள்ளுக்கம்பி சுற்றுங்கள்.