இன்னொரு காது எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. சாம்பார் வாளியில் கரண்டி இடிக்கிறது, எல்லா வரிசையிலும் பேச்சு. ஆனாலும் பக்கத்து இலைக்காரர் "உப்பு கொஞ்சம் குறைவு" என்று முணுமுணுப்பது உங்கள் காதில் விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு காதை மட்டும் உள்ளங்கையால் இறுக அடைத்துப் பாருங்கள். சத்தம் குறையும், ஆனால் அவர் பேச்சைப் பிரித்தறிவது முன்னைவிடக் கடினமாகிவிடும்.

1948-இல் அமெரிக்காவில் ஹிர்ஷ், லிக்லைடர் என்னும் ஆய்வாளர்கள் இருவர் இதைத் தனித்தனியே சோதித்து எழுதினார்கள். ஹெட்போன் வழியாக இரண்டு காதுகளுக்கும் ஒரே இரைச்சல், ஓட்டுக்கூரையில் மழை கொட்டுவதுபோல. அதற்குள் 'ஊ' என்று ஒரு மெல்லிய ஒலி. இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. இப்போது ஒரு காதுக்குப் போகும் 'ஊ'வின் அலையை மட்டும் தலைகீழாக்க வேண்டும். மேடு இருந்த இடத்தில் பள்ளம். ஒலியை ஒரு துளியும் கூட்டவில்லை. ஆனாலும் அது தெளிவாகக் கேட்கிறது! தாழ்ந்த சுருதிகளில் இந்த ஆதாயம் சுமார் 15 டெசிபல். அதாவது, ஒலியின் ஆற்றலை ஏறக்குறைய 30-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று இதைவிட வியப்பானது. இரைச்சலும் அதில் மூழ்கிய ஒலியும் ஒரே காதில் இருக்கின்றன. மறு காதுக்கு அதே இரைச்சலை மட்டும் கொடுத்தால், மூழ்கிய ஒலி மேலே வந்துவிடுகிறது. மாணவப் பருவத்தில் இதைக் கேட்டபோது நம்பாமல் ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தேன்.

இரு காதுகளின் செய்தியும் மூளைத்தண்டில் சந்திக்கின்றன. அங்கே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் வேலை நடக்கிறது. ஒரு விநாடியை லட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு முன்பின் வந்தாலும் நமக்குத் தெரியும். இரைச்சல் இரு பக்கமும் ஒத்திருக்கும்போது, ஒலி வந்து அந்த ஒப்புமையைக் குலைக்கிறது. குலைந்த இடத்தை மூளை பிடித்துக்கொள்கிறது.

செவித்திறனைச் சோதித்துக்கொள்ள என்னிடம் வரும் பெரியவர்கள், "சத்தம் கேட்கிறதம்மா, வார்த்தைதான் பிடிபடவில்லை" என்பார்கள். உட்காதில் ஒலியைப் பெருக்கி, சுருதி சுருதியாகப் பிரித்துத் தரும் மயிர்ச் செல்கள் பழுதானால் அப்படித்தான் ஆகும். அவர்களிடம் உரக்கக் கத்துவதால் பெரிய பயன் இல்லை. எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசுங்கள்.

இரண்டு காதும் மந்தமான அப்பாவுக்கு, "ஒரு காது மெஷின் போதாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விலையைப் பார்த்துக் கேட்கிறார்கள், எனக்குப் புரிகிறது. என் அமைதியான அறையில் ஒன்றே போதும் என்றுதான் தோன்றும். அதனால் இரண்டையும் மாட்டிவிட்டு, அப்பாவைக் கீழே டீக்கடை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பேசச் சொல்கிறேன். பிறகு ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு முறை.