குழம்புக்கு ரெண்டு மீன்

வணக்கம். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். "டீச்சர், ஒரு பத்து நிமிஷம் வந்து பேசுங்க" என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். கல்வியைப் பற்றியோ பெண் முன்னேற்றத்தைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். தூண்டிலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மீன் பிடிக்கிறதா டீச்சர்?" என்றார். ஆமாம் தம்பி, மீன் பிடிக்கிறதுதான்.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். வேலைக்குப் போகிற நாளில் ஏழு தடவை எழுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலரைக்கே எழுந்து, பூனை மாதிரி நடந்து, ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போறீங்க என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு ஒன்றும் மாட்டாதாம். சாயங்காலம் முகமெல்லாம் கறுத்து, இரண்டு திலாப்பியாவோடு திரும்பி வருவார். பெட்ரோல் காசு, இரைக் காசு, கடையில் குடித்த தே தாரேக் காசு எல்லாம் கூட்டினால், பாசாரில் அதைவிட நல்ல மீனாக நாலு வாங்கியிருக்கலாம். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த ஞாயிறும் போவார். ஏன்?

பொறுமைசாலிகள், அதனால் போகிறார்கள் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்தவரையில் தூண்டில் போடுகிறவர்கள் மகா அவசரக்காரர்கள். முதல் உதாரணம் என் அம்மா.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். சோறு வேக இரண்டு நிமிஷம் அதிகமானால் அடுப்போடு சண்டை போடுகிற ஆள். காலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, எங்களை எழுப்பிவிட்டு, இருட்டிலேயே பெரட்டுக்கு ஓடுவார். பெரட்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆளைக் கூப்பிட்டு, பேர் எழுதி, வேலைக்கு அனுப்புகிற இடம். அங்கே பேர் விழவில்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஒரு நிரையில் 400, 500 மரம் இருக்கும். வெட்டி முடித்து, பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். அங்கே பாலை நிறுப்பார்கள். நிறுத்தால் மட்டும் போதாது. தண்ணீர் கலந்திருக்கலாம் அல்லவா? அதற்காக மெட்ரோலாக் என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். பாலுக்குள் விட்டால் மிதக்கும். எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து, இதில் காய்ந்த ரப்பர் இவ்வளவுதான் தேறும் என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எழுதிக்கொள்வார். அம்மா அந்த மிதவையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் என்ன சாப்பிடுவோம் என்பதை அதுதான் சொல்லும்.

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின், நாலு மணி வாக்கில் மூங்கில் கம்பை எடுப்பார். "குழம்புக்கு ரெண்டு மீன் பாத்துட்டு வரேன்." எப்போதும் இதே வார்த்தைதான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தக் காலத்தில் ஒரு பெண் சும்மா போய்த் தண்ணீர் ஓரமாக உட்கார முடியுமா? ஊரே பேசும். குழம்புக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. எனக்கு ஆறு வயதிலிருந்து நானும் கூடவே போவேன். புழு டின் தூக்குவது என் வேலை.

போவது பெரிய ஆற்றுக்கு இல்லை. ஆறு எங்களுக்கும் இருக்கிறது. அதன் பேர் ப்ளஸ். அதே பேரில் இருக்கிற நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது லாசா பக்கமிருந்து இறங்கி வந்து பேராக் ஆற்றில் சேருகிற சுங்கை ப்ளஸ். நாங்கள் போனது தோட்டத்து அலூருக்கு, சின்ன ஓடை. அகலம் ஒரு ஆள் படுத்தால் எட்டுகிற அளவுதான். தண்ணீர் தேத்தண்ணி நிறம். தங்சி என்கிற நைலான் நூல், ஒரு தூண்டில் முள், தக்கைக்கு அறுந்துபோன ஜப்பான் சிலிப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. எங்கள் தக்கை எப்போதும் நீலம்தான், அப்பாவின் சிலிப்பர் நீலம்.

அந்த நீலத் துண்டைப் பார்க்க அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். தக்கை படபடவென்று துடித்தால் திலாப்பியா, கொத்திக் கொத்திப் பார்க்கிறது, விட்டுவிடு. படுத்தபடியே ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டு போனால் கெலி, அதாவது கெளுத்தி. கழற்றும்போது மீனின் முள் பத்திரம், குத்தினால் ராத்திரி தூக்கம் போச்சு. டக்கென்று ஒரு இழுப்பு, உடனே இன்னொன்று என்றால் புயு. இதைத் தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் காற்றைச் சுவாசித்து உயிரோடிருக்கும். செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி நடக்கும். ஒரு மழை நாளில் எங்கள் வாளியிலிருந்து இறங்கி லயத்து வாசல் வரைக்கும் நடந்துபோன புயுவை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், சத்தியம். சரி, தக்கைக்கு வருகிறேன். ஒரு சத்தமும் இல்லாமல், யாரோ கீழேயிருந்து விரலால் பிடித்து இழுத்த மாதிரி தக்கை காணாமல் போனால், அது ஹாருவான். விரால். அப்போதும் உடனே இழுக்கக் கூடாது. அம்மா வாய்க்குள் எண்ணுவார். மூன்றுவரை எண்ணிவிட்டுத்தான் இழுப்பார். அடுப்போடு சண்டை போடுகிற அதே அம்மா!

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டிவிஷனில் ஒரு மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், இருந்தார். பேர் வேண்டாம். குரல் என்றால் குரல், பெரட்டில் அவர் கூப்பிட்டால் அடுத்த தோட்டத்தில் ஆள் வந்து நிற்கும் என்பார்கள். ஒருநாள் அம்மா வெட்டிய மரத்தில் காயம் என்று பிடித்துக்கொண்டார். பால்மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயமாகிவிடும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. எல்லார் முன்னாலும் திட்டினார். "கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காரு" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அலூரில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். செம்மண் சடக்கில் சைக்கிள் சத்தம். பார்த்தால் மண்டோர். கையில் கம்பு. எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தது தெரிந்தது. ஆனால் வந்துவிட்டார், பத்தடி தள்ளி உட்கார்ந்தார். அம்மா திரும்பவில்லை. அவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார். இரை கொண்டுவரவில்லை. அரை மணி நேரம் வெறும் முள்ளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாவம். கடைசியில், காலையில் கேட்ட அந்தக் குரலா இது என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி, "ஏம்மா... ரெண்டு புழு இருக்குமா?" என்றார்.

அம்மா தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் புழு டின்னைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். நான்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். புழுவைக் கோர்த்து விட்டார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, அவர் தக்கை சத்தமில்லாமல் உள்ளே போனது. ஹாருவான்! மனுஷன் பதறிப்போய் எழுந்து நின்று ஒரே இழுப்பாக இழுத்தார். முள் மட்டும் வெளியே வந்து அவர் சட்டையில் மாட்டிக்கொண்டது.

அம்மா அப்போதுதான் திரும்பினார். "என்னண்ணே, ரொம்ப ஆழமா வெட்டிட்டீங்களே" என்றார்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மண்டோர் அம்மாவைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருட்டும்வரை மூவரும் அங்கேயேதான் இருந்தோம். மறுநாள் பெரட்டில்? வழக்கம்போலத்தான் கத்தினார். அம்மாவும் வழக்கம்போலத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்று ஓர் உளவியலாளர். பயிற்சிக் கல்லூரியில் இவரைப் பற்றிப் படித்தேன். புறாக்களைப் பெட்டியில் வைத்து, ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழுகிற மாதிரி செய்தார். இத்தனை கொத்துக்கு ஒரு தானிய மணி என்று கணக்காகக் கொடுத்தால், மணி கிடைத்ததும் புறா கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளும். எத்தனை கொத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாமல் கொடுத்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நாலு நம்பர் லாட்டரிக் கடையில் வரிசை நிற்பதும் இதனால்தான், தூண்டில்காரர் இன்னும் ஒரே ஒரு தடவை என்று வீசுவதும் இதனால்தான் என்பார்கள். சரிதான், பாதிவரை சரி. ஆனால் என் அம்மா வெறுங்கையோடு திரும்பிய நாட்களிலும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் நடந்தார். இதற்குப் புறா பதில் சொல்லாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். காலையிலிருந்து அம்மாவை எல்லாரும் எண்ணினார்கள். பேரை எழுதினார்கள், மரத்தை எண்ணினார்கள், பாலை நிறுத்தார்கள், அதற்குள்ளேயும் ஒரு மிதவையை விட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் அவர் ஒரு மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அது யாருக்கும் கணக்கு சொல்லாது. வீட்டில் 'அம்மா, அம்மா' என்று கூப்பிட ஐந்து பேர். அங்கே கூப்பிட ஆளில்லை. நான் இருந்தேன், ஆனால் மீன் ஓடிவிடும் என்று என்னை வாயை மூடச் சொல்லியிருந்தார். மழை நாளில் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. கவலைதான். ஆனால் மழை விட்டதும் அலூரில் மீன் நன்றாக எடுக்கும், அம்மா முகத்தில் கவலையும் குஷியும் சேர்ந்தே இருக்கும்.

என் தாத்தா இன்னொன்று சொல்வார். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் ஆரம்பித்ததே எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில்தான். ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்கு அளவு. 1960 வரைக்கும் அது நீடித்தது. பசியைவிட, இருட்டும் நேரத்தில் ஆற்றுக்குப் போக முடியாததைத்தான் அவர் அதிகமாகச் சொல்லிப் புலம்புவார். "அந்தப் பன்னெண்டு வருஷமும் மீனுக்குத் தீபாவளிடா" என்பார்.

இப்போது எங்கள் தோட்டத்தில் ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். அலூரில் பாதி தூர்ந்துவிட்டது. போன வருஷம் என் மகன் என்னை ஒரு கோலாம் பஞ்சிங்குக்கு அழைத்துப்போனான். காசு கட்டி, மணிக்கணக்குக்கு உட்கார்ந்து மீன் பிடிக்கிற குளம். நல்ல நிழல், நாற்காலி, கழிவறை, மீ கோரெங் எல்லாம் உண்டு. எனக்கும் ஒரு பாத்தின் மாட்டியது, பெரிசு. சந்தோஷமாகத் தூக்கினேன். ஒரு பையன் ஓடி வந்து வாங்கிக்கொண்டுபோய் அதைத் தராசில் போட்டான். பேரைக் கேட்டான். நோட்டில் எழுதினான். கனமான மீனுக்குப் பரிசாம். எனக்கு ஒரு நிமிஷம் பால் ஸ்டோர் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. மகனுக்கு இது புரியவில்லை. "அம்மா, ஏம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்கீங்க?" என்றான். போகிறவர்கள் போகட்டும், நான் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா? ஒன்றா? சரி, தெலுக் இந்தான் உடாங் காலாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். அந்தப் பெரிய இறாலைக் குளத்தில் வளர்க்க முடியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு, குஞ்சுகள் செத்துப்போகும். 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் லிங் ஷாவோ-வென் என்ற அறிஞர்தான் குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடித்தார். தாய் இறால் முட்டையோடு ஆற்றில் கீழே இறங்கிக் கடல்முகத்துக்குப் போவதும் அதனால்தான். அதைத் தூண்டிலில் பிடிப்பது தனிக் கலை, அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஹாருவான் சூப் வைப்பதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை.

ஒன்று மட்டும். புழு தேடுகிறவர்கள் வாழை மரத்தடியில் முதல்நாள் சாயங்காலமே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு வையுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் போதும், தோண்டவே வேண்டாம். வணக்கம்.