குளியலறையில் தொங்கும் அட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

விடுதி அறைகளின் குளியலறையில் ஒரு சிறிய அட்டை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துவாலையைத் தரையில் போட்டால் துவைத்துத் தருவோம், கொக்கியில் மாட்டினால் மறுபடியும் பயன்படுத்துவீர்கள் என்று எடுத்துக்கொள்வோம், பூமியைக் காக்க உதவுங்கள் என்பது அதன் சாரம். 1983இல் ஃபிஜித் தீவுகளுக்குச் சென்ற ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் இப்படியோர் அட்டையைப் பார்த்தார். கடலையும் பவளப்பாறைகளையும் காப்பதற்காகத் துவாலையை மீண்டும் பயன்படுத்துமாறு விருந்தினரைக் கேட்டுக்கொண்ட அந்த விடுதி, அதே வேளையில் அதே கரையில் மேலும் குடில்களைக் கட்டி விரிந்துகொண்டிருந்தது. அந்த முரண் அவர் மனத்தில் தங்கி, 1986இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு புதிய ஆங்கிலச் சொல்லாக வெளிவந்தது. சுவரின் கறையை மறைக்க வெள்ளையடிப்பதுபோல் செயலின் கறையை மறைக்கப் பச்சையடிப்பது என்பது அதன் பொருள். தமிழில் அதைப் பசுமைப்பூச்சு என்கிறோம்.

அந்த அட்டை பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துவைப்பது குறைந்தால் தண்ணீரும் சோப்பும் மின்சாரமும் மிச்சமாகத்தான் செய்யும். சிறிய உண்மை ஒன்றைக் கண்ணெதிரே தொங்கவிட்டு, பெரிய கேள்விகளை நாம் கேட்காமல் பார்த்துக்கொள்வதே அதன் சாமர்த்தியம். ஆகவே இன்றைய உரையில் அந்தப் பெரிய கேள்விகளை, அவற்றின் எடைக்கு ஏற்ற வரிசையில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில் எடை கூடியது பயணம். உலகின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் சுற்றுலாவின் பங்கு 2019இல் ஏறத்தாழ 8.8 விழுக்காடு என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பங்கில் மிகப் பெரிய கூறாக விமானப் போக்குவரத்தே நிற்கிறது. விமானம் விடும் கரியமில வாயு மட்டும் கணக்கல்ல. உயரத்தில் அது விட்டுச்செல்லும் வெண்ணிறத் தடங்கள் மெல்லிய முகில்களாகப் பரவி வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. விமானங்கள் உண்டாக்கும் வெப்ப விளைவில் பாதிக்கு மேற்பட்டது இப்படிக் கரியமில வாயு அல்லாத காரணங்களால் வருகிறது என்று அறிவியலாளர் மதிப்பிடுகின்றனர். ஆகவே தொலைதூரத் தீவு ஒன்றில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் குடிலில் மூன்று நாள் தங்குவதற்காகப் பத்து மணி நேரம் பறந்து செல்பவர், அந்தக் குடில் ஆண்டு முழுவதும் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், தம் கணக்கை அங்கே நேர்செய்துவிட முடியாது.

இதனால் பறக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடல் குறுக்கிட்டால் வேறு வழி இல்லாமல் போகலாம். ஆனால், ரயிலில் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு விமானம் ஏறுவதை ஒரு வசதியாக மட்டும் பார்க்காமல், ஒரு தேர்வாகப் பார்க்க வேண்டும். குறுந்தொலைவுப் பறப்பில் மேலெழும்புவதற்கே எரிபொருளின் பெரும்பங்கு போய்விடுவதால், கிலோமீட்டருக்கு ஆகும் உமிழ்வு நெடுந்தொலைவுப் பறப்பைவிடக் கூடுகிறது. பிரான்ஸ் இதைச் சட்டமாகவே ஆக்கியது: இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் சென்றுவிடக்கூடிய வழித்தடங்களில் உள்நாட்டு விமானங்களுக்கு 2023 மே மாதத்தில் தடை வந்தது. பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று நகரங்களுக்கான சேவைகளே அதில் அடங்கின என்பதால் அதை வெறும் அடையாளச் சட்டம் என்று குறை கூறியவர்களும் உண்டு; அந்தக் குறையிலும் உண்மை இருக்கிறது.

பறந்தே ஆக வேண்டும் என்றால், தங்கும் நாள்களைக் கூட்டுவதுதான் நம் கையில் உள்ள வலுவான வழி. நான்கு முறை நான்கு நாள் போவதற்குப் பதிலாக ஒரே முறை பதினாறு நாள் போனால், விடுமுறையின் நீளம் குறையாமலே பறப்பு கால் பங்காகிவிடுகிறது. அத்துடன் ஓர் ஊரில் பத்து நாள் இருப்பவருக்குப் பேருந்து எண்கள் மனப்பாடமாகும், காய்கறிச் சந்தை கூடும் நாள் தெரியும், வாடகைக் கார் தேவைப்படாது. நாளுக்கு ஓர் ஊராகப் பார்த்து முடிப்பவருக்கு இவை எதுவும் வாய்ப்பதில்லை. விமான உமிழ்வை ஈடுகட்டுவதாகச் சொல்லி, பயணச்சீட்டுடன் சேர்த்து விற்கப்படும் மரநடுகைக் கட்டணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நட்ட கன்று வளர்ந்து அந்தக் கரியை உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும். வாயுவோ இன்றே காற்றில் கலந்துவிட்டது. மனமிருந்தால் கொடுங்கள், ஆனால் அதைப் பறப்பதற்கான அனுமதிச் சீட்டாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்தது இடம். தாய்லாந்தின் மாயா விரிகுடா சில நூறு மீட்டர் நீளமே உள்ள சிறிய கடற்கரை. ஒரு திரைப்படத்தால் புகழ் பெற்றபின் ஒரு நாளில் ஐயாயிரம் பேருக்குமேல் அங்கே இறங்கினார்கள். படகுகளின் நங்கூரம் பவளத்தை நொறுக்கியது. 2018 ஜூனில் மூடப்பட்ட அந்த விரிகுடா 2022 ஜனவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வாளர்கள் பவளத்தைப் புதிதாக நட்டார்கள்; கருந்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்புறத்தில் இறங்கி நடந்து வர வேண்டும். அதே 2018இல் பிலிப்பைன்ஸ் அரசு போராகாய் தீவையே ஆறு மாதம் மூடிவைத்தது. விடுதிகளின் கழிவுநீர் நேராகக் கடலில் விடப்பட்டதே அதற்கு முதன்மையான காரணம். அந்தக் கழிவுநீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் அதற்கே திரும்புகிறேன்.

கூட்டம் மிகுந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்றவுடன், யாரும் அறியாத இடத்தைத் தேடிப் போவதே பசுமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. ஒரு நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது, குப்பை அள்ளும் ஏற்பாடு இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஆயிரம் பேர் கூடுதலாக வந்தால் அது தாங்கும். காட்டோரக் குக்கிராமத்திலோ நூறு பேரின் குப்பையும் ஓடையில்தான் சேரும். அறியப்படாத இடத்துக்குப் போக ஆசைப்படுபவர், குறைந்தபட்சம் அதன் இருப்பிடத்தைப் படத்துடன் ஊரறியச் செய்யாமலாவது இருக்கலாம். பெயர்பெற்ற இடத்துக்கே போவதென்றாலும், நெரிசல் மாதங்களை விட்டு மற்ற மாதங்களில் போனால், அந்த ஊரின் தண்ணீருக்கும் ஆட்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஊழியருக்கு ஆண்டின் பாதி நாள் வேலையில்லை என்ற நிலையும் சற்றுத் தளரும்.

இனித் தங்குமிடம். இங்கேதான் பச்சை நிறம் மிகுதியாகச் செலவாகிறது. பெயர்ப்பலகையில் இலை, அறையில் மூங்கில், சோப்புக்குச் சணல் பை, உறிஞ்சுகுழல் காகிதத்தில். இவை கண்ணுக்குத் தெரிபவை. ஒரு விடுதியின் சுமையைத் தீர்மானிப்பவையோ பெரும்பாலும் கண்ணில் படாதவை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குளிரூட்டவும் சூடாக்கவும் ஆற்றல் எதிலிருந்து கிடைக்கிறது, அங்கே வேலை செய்பவர்கள் யார், இலாபம் எந்த ஊருக்குப் போகிறது.

இவற்றுள் கழிவுநீரைப் பற்றிய கேள்வியே மிகவும் பயனுள்ளது என்பது என் அனுபவம். சூரியத் தகடு கூரையில் மினுங்குவதால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். மண்ணுக்கடியில் உள்ள தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், ஒரு கடற்கரை விடுதி தன் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் எதிரே உள்ள பவளம் பிழைப்பதும் மடிவதும் இருக்கிறது. சத்து மிகுந்த கழிவுநீர் கடலில் கலந்தால் பாசி பெருகும். பாசி மூடிய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. நாணல் வளர்த்த பாத்திகளின் வழியே நீரைச் செலுத்தி, அவ்வாறு தெளிந்த நீரைத் தோட்டத்துக்கு விடும் விடுதிகள் இருக்கின்றன. அப்படிச் செய்பவர்கள் கேட்டவுடன் பெருமையோடு காட்டுவார்கள். கேள்வியைக் கேட்டதும் வரவேற்பாளர் மேலாளரைப் பார்ப்பதும் மேலாளர் கூரைத் தகட்டைக் காட்டுவதுமாக இருந்தால், பதில் கிடைத்துவிட்டது.

தண்ணீரும் அப்படித்தான். மழை குறைந்த தீவில் நீச்சல்குளமும் புல்வெளியும் கொண்ட விடுதி, பக்கத்துக் குடியிருப்பு இறைக்கும் அதே நிலத்தடி நீரைத்தான் இறைக்கிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை, காட்டை வெட்டித் திறந்த வெளியில் புதிதாகக் கட்டிய மரக்குடிலைவிட, ஊருக்கு நடுவே பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து நடத்தும் பத்து அறை விடுதியே பெரும்பாலும் மேலானது. பின்னதற்குப் புதிய நிலமும் தேவையில்லை, புதிய சாலையும் தேவையில்லை. படத்தில் முன்னதுதான் அழகாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

சான்றிதழ்களை நம்பலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை தர முடியாது. டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய கிரீன் கீ, ஐரோப்பிய ஒன்றியம் 1992 முதல் வழங்கும் பூ வடிவ முத்திரை, கோஸ்டா ரிக்கா நாடு 1997இல் தொடங்கிய நிலைத்த சுற்றுலாச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட அளவுகோல்களும் சோதனையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே உலக நிலைத்த சுற்றுலா மன்றம் என்ற அமைப்பு பொது அளவுகோல்களை வகுத்திருக்கிறது. அம்மன்றம் எந்த விடுதிக்கும் தானே சான்று தருவதில்லை. சான்று தரும் அமைப்புகளைத்தான் எடைபோடுகிறது. ஆகவே ஒரு விடுதி தனக்கு அந்த மன்றமே நேரடியாகச் சான்று வழங்கியதாகச் சொன்னால், அங்கேயே சற்று நிதானியுங்கள். முத்திரையைக் கண்டதும் பார்க்க வேண்டியவை இரண்டு: வெளியாள் ஒருவர் நேரில் வந்து சோதித்தாரா, சான்று எந்த ஆண்டோடு முடிகிறது.

விடுதி தன் வாயால் சொல்வதை முத்திரையாக மாற்றும் வழக்கம் இப்போது சற்றுத் தடைபட்டிருக்கிறது. உலகின் பெரிய முன்பதிவுத் தளங்களில் ஒன்று, தங்குமிடங்களுக்குத் தானே வழங்கிவந்த பசுமை அடையாளங்களை, நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் தலையிட்டபின் 2024 மார்ச்சில் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில் இயற்றிய நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பட்டது. அதன்படி ஆதாரமின்றிச் சூழலுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்வதும், ஈட்டுத்தொகை கட்டியதை மட்டும் வைத்துக் கரியற்றது என்று சொல்லிக்கொள்வதும் தடைசெய்யப்படும். இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. நான்கு அறைகளை வைத்துக் குடும்பமாக நடத்தும் ஹோம்ஸ்டே ஒன்றுக்குச் சோதனைக் கட்டணம் கட்டுப்படியாகாது. முத்திரை இல்லாததாலேயே அது மோசமாகிவிடாது. அங்கே நாமே கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பணம் எங்கே போகிறது என்பதற்கு ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களைச் சொல்லலாம். ருவாண்டாவும் அண்டை நாடுகளும் பகிரும் விருங்கா எரிமலைத் தொடரில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 250 ஆகக் குறைந்திருந்த அவற்றின் எண்ணிக்கை 2016இல் முடிந்த கணக்கெடுப்பில் 604 ஆனது. ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளில் எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரமே அனுமதி. கட்டணம் மிக அதிகம். அந்நாட்டின் தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் பத்து விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. காவலும் மருத்துவமும் சேர்ந்தே அந்த எண்ணிக்கையை உயர்த்தின என்றாலும், காடு நிற்பதில் பக்கத்து ஊருக்கும் ஆதாயம் இருந்ததை ஒதுக்கிவிட முடியாது. யானைமேல் சவாரி, புலிக்குட்டியுடன் படம் ஆகியவற்றை விற்கும் இடங்கள் தம்மைச் சரணாலயம் என்று அழைத்துக்கொண்டாலும், விலங்கைத் தொட அனுமதிக்கும் இடத்தை நான் அந்தப் பெயரால் ஏற்பதில்லை.

கடைசியாக ஒரு சொந்த நிகழ்ச்சி. ஒருமுறை மலைப்பகுதி ஒன்றில் ஒரு வாரம் தங்குவதற்காக மூன்று விடுதிகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன்: தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், வேலையாட்கள் என்று நான்கே கேள்விகள். முதல் விடுதி வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏட்டை அனுப்பியது. இரண்டாவது விடுதி பதிலே அனுப்பவில்லை. மூன்றாவது விடுதிக்காரர் ஏழெட்டு வரிகள் எழுதியிருந்தார். ஊற்று நீர், இரட்டைத் தொட்டி, ஊர்க்காரர்கள் ஆறு பேர் வேலையில் இருக்கிறார்கள். மின்சாரம் நிலையாக இல்லாததால் மாலை ஆறு முதல் பத்து வரை டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம், அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய இன்னும் பணம் சேரவில்லை என்று முடித்திருந்தார். அங்கேயே முன்பதிவு செய்தேன். போன முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அந்த ஜெனரேட்டர் பெரும் இரைச்சலுடன் ஓடத் தொடங்கியது. சொன்னபடியே பத்து மணிக்கு நின்றது. அதன்பின் ஊற்றின் ஓசை கேட்டது.

நன்றி. வணக்கம்.