அசையாத மீன்

நேயர்களுக்கு வணக்கம். என் குரல் இப்போது வானொலி அலையில் ஏறி உங்களிடம் வருகிறது. இதே மாதிரி ஒரு குட்டி வானொலி நிலையத்தை வயிற்றில் சுமந்துகொண்டு திரியும் ஆற்று மீன்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த நிலையத்தில் பாட்டு கிடையாது, செய்தி கிடையாது. ‘டிக், டிக்’, அவ்வளவுதான். மீனுக்கு மீன் அலைவரிசை வேறு. ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு கரையோரம் நடந்தால் எந்த மீன் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

அழிந்துவரும் மீன்களை இப்படித் தேடிப்போக முக்கியமான காலம், ஆற்றில் நீர் இறங்கிவிட்ட மாதங்கள். நிறைய நீர் ஓடும்போது ஆறு ஒன்றுதான். நீர் இறங்கினால் அது துண்டுதுண்டாகிறது. இங்கே ஒரு மடு, நடுவே கணுக்கால்கூட நனையாத கூழாங்கல் மேடு, அப்புறம் இன்னொரு மடு. மடுக்கள் அறைகள் என்றால் அந்த மேடுதான் கதவு. ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று நாம் எழுதிவைக்கிறோம். மீனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? கதவில் தன் முதுகு மூழ்குமா என்பதுதான் அதற்குக் கேள்வி.

கருவி பொருத்துவது லேசான வேலை இல்லை. மீனின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் அது கனக்கக் கூடாது என்பது பழைய நடைமுறை. 100 கிராம் மீனுக்கு 2 கிராம். மீனை மயக்க மருந்து கலந்த நீரில் விட்டு, வயிற்றில் சிறிதாகக் கீறி, கருவியை உள்ளே வைத்துத் தைப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் இதைச் செய்தால் மீன் தேறுவது கஷ்டம். ஆகவே நீர் குளிர்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். விரல் நீள மீனுக்கு இதுவும் தாங்காது. அதற்கு அரிசிமணி போன்ற ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. பேட்டரி கிடையாது. ஆற்றின் குறுக்கே போட்ட கம்பிச்சுருளை மீன் கடக்கும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும்.

ஆறு சுருங்கச் சுருங்க நீரில் உப்பு அடர்கிறது. உப்பு கூடினால் வானொலி அலை மங்கும், ஆழமான மடுவிலும் மங்கும். அங்கே ஒலி எழுப்பும் கருவி தேவை. அதுவோ நுரைத்து ஓடும் இடத்தில் எடுபடாது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் கருவி இதுவரை என் கைக்கு வரவில்லை.

சரி, மீன் நின்ற இடத்தைக் குறித்தாயிற்று. ஆழம், நீரோட்டம், வெப்பம், ஆக்ஸிஜன் எல்லாம் அளக்கிறோம். நண்பகலில் அளந்துவிட்டு ‘ஆக்ஸிஜன் திருப்தி’ என்று எழுதுவது எனக்கு ஒத்துவராத பழக்கம். பகலில் ஆக்ஸிஜனைத் தரும் பாசி, இரவில் மீன்களோடு போட்டிபோட்டு அதையே உறிஞ்சுகிறது. விடிவதற்குச் சற்று முன்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். 30 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு உயிராபத்து.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில், மெனிண்டீ ஊர் அருகே, 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலுமாக மூன்று முறை மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஓட்டம் நின்ற ஆறு, மேலே சூடான நீரும் அடியில் ஆக்ஸிஜன் அற்ற நீருமாக இரண்டு அடுக்காகக் கிடந்தது. வெயில் தணிந்து குளிர்ந்ததும் இரண்டும் கலந்தன. நமக்கு இதமாக இருந்த அந்தக் குளிர்ச்சி மீன்களுக்கு எமனாயிற்று. செத்தவற்றில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மர்ரே காட் மீன்களும் இருந்தன.

அதனால்தான் ஒரு மீன் அசையாமல் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒருமுறை ஒரு மீனின் ஒலி மூன்று வாரமாக ஒரே இடத்திலிருந்து வந்தது. நிலத்தடி ஊற்று கசிந்து நீர் குளிர்ந்திருப்பதால் அது தானாகவே தங்கியிருக்கலாம். கதவு மூடி மாட்டிக்கொண்டிருக்கலாம். செத்து, கருவி மட்டும் மணலில் கிடந்து கூவலாம். மூன்றுக்கும் காகிதத்தில் ஒரே புள்ளிதான். சில கருவிகள் நெடுநேரம் அசையாவிட்டால் துடிப்பை மாற்றிக் காட்டும். இது அந்த வகை இல்லை. அப்போதுதான் உறைத்தது, நாங்கள் அதைத் தேடிப்போனதெல்லாம் பகலில்.

இரவில் போய் உட்கார்ந்தோம். எட்டரை மணிவாக்கில் ஒலி நகர்ந்தது. ஆழமில்லாத ஓரத்துக்கு வந்து, கூழாங்கல் மேட்டின் அடிவரை போய், திரும்பியது. விடியுமுன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுநாள் இரவும் அப்படியே. ஒவ்வொரு இரவும் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

பத்து நாள் கழித்து மேலே எங்கோ மழை. மேட்டில் நான்கு விரல் உயரம் நீர் கூடியது. காலையில் அந்த அலைவரிசையைத் திருப்பினேன். மடுவில் சத்தமே இல்லை. அடுத்த மடுவில் கேட்டது.