628 ரன், 13 வயது: கேப்டன் காலின்ஸ்

[திரை: பழைய ஸ்கோர் தாள் ஒன்று]

இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சிக்ஸர் 1. ஓடியே எடுத்த ஐந்து 4. நாலு ரன் 31. மூணு ரன் 33. ரெண்டு ரன் 146. சிங்கிள் 87.

மொத்தம் 628, நாட் அவுட். அடித்த பையனுக்கு வயது 13.

பெயர் ஏ.இ.ஜே. காலின்ஸ். பிறந்தது 1885-ல், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஹஸாரிபாக்கில். அப்பா ஐ.சி.எஸ். நீதிபதி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கிளிஃப்டன் காலேஜ் என்ற பள்ளியில் சேரும்போது பையனுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

[திரை: மைதானத்தின் வரைபடம், ஒரு பக்கம் சரிவு]

1899 ஜூன் 22. பள்ளிக்குள்ளேயே இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஜூனியர் மேட்ச். கிளார்க்ஸ் ஹவுஸ் கேப்டன் காலின்ஸ் டாஸ் ஜெயித்து, பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

சரி, ரெண்டு ரன் மட்டும் ஏன் 146? மைதானம் அப்படி. ஒரு பக்கம் எல்லைக்கோடு ரொம்பக் கிட்டே. அங்கே கோட்டைத் தாண்டினாலும் ரெண்டுதான் கொடுப்பார்கள். எதிர்ப்பக்கம் நீளமான சரிவு. பந்து உருண்டு போய்க்கொண்டே இருக்கும், எத்தனை ரன் வேண்டுமோ ஓடித்தான் எடுக்க வேண்டும். ஆக, எல்லைக்கோடு கொடுத்த ரெண்டும், ஓடி எடுத்த ரன்னும் சேர்ந்ததுதான் இந்த 628.

மேட்ச் முடிய இத்தனை நாள் என்று கெடு கிடையாது. வகுப்பு விட்ட பிறகு சாயங்காலம் ஆட்டம். முதல் நாள் முடிவில் 200. இரண்டாம் நாள் 509. அதற்குள் இங்கிலாந்து வீரர் ஏ.இ. ஸ்டாடர்ட் 1886-ல் ஒரே இன்னிங்ஸில் அடித்த 485 என்ற உலக சாதனை போயே போய்விட்டது. செய்தி ஊருக்குள் பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. மூன்றாம் நாள் 598. நான்காம் நாள் கடைசி ஜோடி ரெட்ஃபெர்ன் 13 ரன்னில் அவுட் ஆனதால்தான் ஆட்டமே நின்றது. மொத்தம் 6 மணி 50 நிமிடம்.

பீல்டர்கள் கேட்சுகளைத் தாராளமாகவே விட்டார்கள். குறை சொல்ல முடியாது, அவர்களும் பொடியன்கள்தானே! ஸ்கோர் எழுதிய பெக்லர், "628, கூடக் குறைய 20 இருக்கலாம்" என்றாராம். எனக்கு அந்த 628-ஐ விட இந்த நேர்மை பிடித்திருக்கிறது.

அணி எடுத்தது 836. எதிரணி 87, 61. காலின்ஸே 11 விக்கெட்டும் எடுத்தான்.

[திரை: ராணுவ உடையில் காலின்ஸ்]

பெரிய கிரிக்கெட்டர் ஆகியிருப்பார் என்று நினைப்பீர்கள். ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடவில்லை. ராணுவப் பயிற்சிக்கு வூலிச் போனார், ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார். கிரிக்கெட் ராணுவ அணிகளோடு நின்றது. 1914 வசந்தத்தில் கல்யாணம். அதே வருடம் நவம்பர் 11, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்காக நடந்த முதல் சண்டையில் கேப்டன் காலின்ஸ் கொல்லப்பட்டார். வயது 29. கல்லறை எங்கே என்று தெரியாது. மெனின் கேட் நினைவு வாயிலில், கல்லறை தெரியாத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

[திரை: கல்யாண், 2016]

சாதனை மட்டும் 2016 ஜனவரி வரை தாங்கியது. மும்பையை அடுத்த கல்யாணில், ஆட்டோ ஓட்டுநர் மகன் பிரணவ் தனவடே 1009 அடித்தார். அதுவும் பள்ளி மேட்ச், அவரும் நாட் அவுட். எதிரணிப் பையன்கள் 31-க்கும் 52-க்கும் சுருண்டார்கள்.